கிரிக்கெட் வரலாற்றுக்கு ஒரு டாஷ்போர்ட்: எந்த எண்ணை எதனோடு ஒப்பிடலாம்?

முத்தையா முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் வீழ்த்திய விக்கெட்டுகள் எத்தனை என்று திருகோணமலையில் கிரிக்கெட் பார்க்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 800 என்று தயங்காமல் சொல்லும். 2010 ஜூலையில் காலியில், தமது 133ஆவது டெஸ்ட்டில், இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து அவர் அந்த எண்ணிக்கையை எட்டினார். ஆனால், டெஸ்ட் பந்துவீச்சுத் தரவுகளைக் கணினியில் ஏற்றி, அணி என்ற வடிகட்டியில் ‘இலங்கை’யைத் தெரிவுசெய்து பார்த்தால் அவருடைய பெயருக்கு நேரே 795 என்றே வரும். மீதி 5 விக்கெட்டுகளை அவர் 2005 ஒக்டோபரில் சிட்னியில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக உலக பதினொருவர் அணிக்கு விளையாடியபோது எடுத்தார். அந்தப் போட்டிக்கு டெஸ்ட் அந்தஸ்து வழங்கப்பட்டிருந்ததால் அவை அவருடைய கணக்கில் சேர்ந்தன. இலங்கையின் கணக்கில் சேரவில்லை. இரண்டு எண்களும் சரியானவை. எந்தக் கேள்விக்கு எது விடை என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் கட்டப்படும் டாஷ்போர்ட், பார்ப்பவரிடம் ‘தரவே பிழை’ என்ற எண்ணத்தைத்தான் ஏற்படுத்தும்.

டாஷ்போர்ட் என்பது ஒரு பெரிய தரவுத் தொகுதியிலிருந்து கணக்கிடப்பட்ட எண்களையும் வரைபுகளையும் ஒரே திரையில் அடுக்கி, ஆண்டு, அணி, மைதானம் போன்ற வடிகட்டிகளைப் பார்ப்பவர் கையிலேயே கொடுத்துவிடும் ஏற்பாடு. சர்வதேச கிரிக்கெட்டின் வரலாற்றை இப்படித் தமிழில் காட்சிப்படுத்த விரும்பும் மாணவர்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு பைத்தன் நிரல்மொழியும், தரவுத்தளத்தை வினவும் எஸ்கியூஎல் மொழியும் அறிமுகமானவை; கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் பயில்பவர்களுக்கு இது செயற்றிட்டமாக எடுத்துக்கொள்ளத்தக்க அளவுடைய வேலை. டெஸ்ட் போட்டிகள் 2,500ஐயும், ஆண்களின் ஒருநாள் போட்டிகள் 4,700ஐயும் கடந்துவிட்டன. பந்துக்குப் பந்து தரவுகளைச் சேர்த்தாலும் மொத்தம் சில மில்லியன் நிரைகளே (அட்டவணையின் கிடை வரிசைகளே); சாதாரண மடிக்கணினியில் எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒன்றே இதைத் தாங்கும். எனவே கணினியின் வலிமை இங்கே தடையாக இருப்பதில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக விதிகளும் அளவைகளும் மாறிக்கொண்டே வந்த ஒரு விளையாட்டில், எந்த நிரையை எந்த நிரைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று தீர்மானிப்பதிலேயே வேலையின் பெரும்பகுதி கழிகிறது. அந்தத் தீர்மானங்கள் எவை, அவை ஏன் எழுகின்றன என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் தரவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கிரிக்ஷீட் என்ற இணையத்தளம் பந்துக்குப் பந்து பதிவுகளை கணினி நிரலிகள் எளிதில் வாசிக்கக்கூடிய ஜேசன், சிஎஸ்வி கோப்புகளாக இலவசமாகத் தருகிறது. ஆயினும் அவை பெரும்பாலும் இந்த நூற்றாண்டில் நடந்த போட்டிகளுக்கே கிடைக்கின்றன. அதற்கு முந்திய போட்டிகளுக்கு ஸ்கோர் அட்டைகளில் உள்ள தகவல்களோடுதான் திருப்திப்பட வேண்டும். அந்த அட்டைகளிலும் பழையவற்றில் ஒரு துடுப்பாட்ட வீரர் எத்தனை பந்துகளைச் சந்தித்தார் என்ற விபரம் பெரும்பாலும் இராது. ஆகவே தரவுத்தளத்தை இரண்டு அடுக்குகளாக அமைப்பதே முறை. போட்டி, இன்னிங்ஸ், வீரர், மைதானம் ஆகிய அட்டவணைகள் 1877 தொடக்கம் இன்றுவரை எல்லாப் போட்டிகளுக்கும் இருக்க வேண்டும். பந்து என்ற அட்டவணை தரவு உள்ள போட்டிகளுக்கு மட்டும் இருந்தால் போதும். இல்லாத இடத்தில் பூச்சியத்தை இட்டு நிரப்புவது மாணவர்கள் வழமையாகச் செய்யும் தவறு. சந்தித்த பந்துகள் தெரியாத ஒருவருடைய ஓட்டவேகத்தைப் பூச்சியம் என்று காட்டுவதைவிட, அந்தக் கட்டத்தில் ‘பதிவில்லை’ என்று எழுதுவது நேர்மையானது.

அடுத்து வருவது ஓவர். கிரிக்கெட் தரவில் இதைவிட ஏமாற்றும் எண் வேறில்லை என்றே சொல்வேன். 4.3 என்று எழுதப்பட்டிருப்பது தசம எண் போலத் தோன்றினாலும், அது நான்கு ஓவர்களும் மூன்று பந்துகளும், அதாவது 27 பந்துகள். ஒரு பந்துவீச்சாளர் முதல் இன்னிங்ஸில் 4.3 ஓவர்களும் இரண்டாவதில் 5.4 ஓவர்களும் வீசியிருந்தால் எக்செல் அவற்றைக் கூட்டி 9.7 என்று சொல்லும். ஓவருக்கு ஆறே பந்துகள் இருக்கும்போது 9.7 என்று ஓர் அளவே கிடையாது. 27ஐயும் 34ஐயும் கூட்டினால் 61 பந்துகள். அதை ஓவராக எழுதினால் 10.1.

இந்தத் திருத்தத்தோடும் சிக்கல் தீர்ந்துவிடாது, ஏனென்றால் ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதே எப்போதும் இருந்த விதி அன்று. இங்கிலாந்தில் 1888 வரை ஓவருக்கு நான்கு பந்துகள், பின்னர் 1899 வரை ஐந்து, 1900இலிருந்துதான் ஆறு. அவுஸ்திரேலியாவில் எட்டுப் பந்து ஓவர் 1978–79 பருவம் வரையிலும் நீடித்தது. 1971 ஜனவரி 5ஆம் திகதி மெல்பேர்ணில் நடந்த முதலாவது ஒருநாள் சர்வதேசப் போட்டி 40 ஓவர் போட்டி என்று படிக்கும்போது இன்றைய 50 ஓவர் போட்டியைவிடக் குறுகியது என்று நினைக்கத் தோன்றும். அந்த 40 ஓவர்களும் எட்டுப் பந்து ஓவர்கள். ஓர் அணிக்கு 320 பந்துகள், இன்றைய 300ஐவிட அதிகம். 1975, 1979, 1983 உலகக் கிண்ணப் போட்டிகள் 60 ஓவர்களாக, அதாவது 360 பந்துகளாக நடந்தன. ஆகையால் தரவுத்தளத்தின் உள்ளே ஓவர் என்ற நிரலே (அட்டவணையின் நிலைக்குத்து வரிசையே) இருக்கக் கூடாது. பந்துகளின் எண்ணிக்கை ஒரு நிரலிலும், அந்தப் போட்டியில் ஓவருக்கு எத்தனை பந்துகள் என்பது இன்னொரு நிரலிலும் இருக்க வேண்டும். ஓவர் என்ற வடிவம் திரையில் காட்டும் கணத்தில் மட்டும் கணக்கிடப்படட்டும்.

இதைச் செய்துவிட்டால் காலங்களைக் கடந்த ஒப்பீடு ஓரளவு சாத்தியமாகிறது. 1975 உலகக் கிண்ணத்தின் முதல் நாளில் இங்கிலாந்து இந்தியாவுக்கு எதிராக 60 ஓவர்களில் 4 விக்கெட் இழப்புக்கு 334 ஓட்டங்கள் எடுத்தது. 100 பந்துகளுக்கு ஏறத்தாழ 93 ஓட்டங்கள். 1996இல் கண்டியில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 50 ஓவர்களில் எடுத்த 398, 100 பந்துகளுக்கு ஏறத்தாழ 133. மொத்த ஓட்டங்களை மட்டும் சலாகை வரைபில் நிறுத்தினால் இரண்டும் அண்மையான உயரங்களாகத் தெரியும். பந்துகளால் வகுத்த பிறகுதான் இடைப்பட்ட 21 ஆண்டுகளில் ஆட்டம் எவ்வளவு மாறியது என்பது கண்ணுக்குப் புலப்படுகிறது. இங்கிலாந்தின் அந்த 334க்குப் பதிலாகத் துடுப்பெடுத்தாடிய சுனில் கவாஸ்கர் 174 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 36 ஓட்டங்கள் எடுத்தார் என்ற விபரத்தை அந்த வரைபின் ஓரத்தில் ஒரு குறிப்பாகச் சேர்ப்பது பொருத்தம்.

காலத்தைக் கடந்தும் நியாயமாக நிற்கும் அளவைகள் சில உண்டு. 1877 மார்ச்சில் மெல்பேர்ணில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியின் முதல் இன்னிங்ஸில் அவுஸ்திரேலியா 245 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அதில் காயமடைந்து வெளியேறிய சார்ள்ஸ் பனர்மனின் பங்கு 165. அதாவது அணியின் மொத்தத்தில் 67 சதவீதத்துக்கும் மேல். பந்துகளின் எண்ணிக்கையோ ஆடுகளத்தின் தன்மையோ இந்த விகிதத்தைப் பெரிதாகக் குழப்புவதில்லை, ஏனென்றால் அதே ஆடுகளத்தில் அதே பந்துவீச்சாளர்களைச் சந்தித்த சக வீரர்களோடுதான் ஒப்பீடு நடக்கிறது. என்னைக் கேட்டால், வரலாற்று டாஷ்போர்ட் ஒன்றில் மொத்த ஓட்டங்களைவிட இத்தகைய விகிதங்களுக்கே முன்னிடம் தர வேண்டும்.

சராசரிகளைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். டொன் பிரட்மனின் 99.94 எல்லோரும் அறிந்தது. அவர் 52 டெஸ்ட்களில் 80 இன்னிங்ஸ் ஆடி, அவற்றில் 10 முறை ஆட்டமிழக்காமல் இருந்து, 6,996 ஓட்டங்கள் எடுத்தார். 6,996ஐ 70ஆல் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். தரவுத்தளத்தில் சராசரியைச் சேமித்து வைத்துவிட்டு, ஆண்டு வாரியாகவோ எதிரணி வாரியாகவோ அவற்றின் சராசரியை மீண்டும் எடுத்தால் விடை தவறும். ஓட்டங்கள் ஒரு நிரலிலும் ஆட்டமிழப்புகள் இன்னொரு நிரலிலும் இருக்க, வடிகட்டி மாறும்போதெல்லாம் கூட்டி வகுப்பதே சரி.

போட்டி முடிவு என்ற நிரல், பார்க்க எளிமையானதாகத் தெரிந்தாலும், உள்ளே வரலாற்றின் முரண்பாடுகள் அத்தனையும் அடங்கியிருக்கின்றன. இரு அணிகளின் ஓட்டங்களையும் ஒப்பிட்டு முடிவைக் கணினி நிரலியே கண்டுபிடித்துவிடும் என்று எண்ணுபவர்கள் 2003 மார்ச் 3ஆம் திகதி டேர்பனில் இலங்கையும் தென்னாபிரிக்காவும் மோதிய உலகக் கிண்ணப் போட்டியை எடுத்துப் பார்க்கட்டும். இலங்கை 9 விக்கெட்டுகளுக்கு 268. மழை குறுக்கிட்டபோது தென்னாபிரிக்கா 45 ஓவர்களில் 6 விக்கெட்டுகளுக்கு 229. 39 ஓட்டங்கள் வித்தியாசம் இருந்தும், மழையால் ஓவர்கள் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வேர்த் லூயிஸ் முறைப்படி அந்தப் போட்டி சமநிலையில் முடிந்தது. போட்டியை நடத்திய நாடே அதனால் தொடரிலிருந்து வெளியேறியது. இதற்கு மறுபக்கமாக, 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் எடுத்தன. சூப்பர் ஓவரிலும் தலா 15. எல்லைக்கோட்டைக் கடந்த அடிகள் இங்கிலாந்துக்கு அதிகம் என்பதால் கிண்ணம் அவர்களுக்குப் போனது. எனவே ‘போட்டியின் முடிவு’, ‘யார் முன்னேறினார்’, ‘எந்த முறையால்’ என்று மூன்று நிரல்கள் தேவைப்படுகின்றன.

முடிந்துபோன போட்டியின் முடிவும் மாறக்கூடும். 2006இல் ஓவல் மைதானத்தில் பந்தைச் சேதப்படுத்தியதாகத் தண்டிக்கப்பட்ட பாகிஸ்தான் அணி களமிறங்க மறுத்ததால் இங்கிலாந்துக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. 2008இல் அந்த முடிவு வெற்றிதோல்வியற்றதாக மாற்றப்பட்டு, 2009இல் மீண்டும் இங்கிலாந்தின் வெற்றியாகவே ஆக்கப்பட்டது. 2008இன் இறுதியில் தரவிறக்கிய ஒரு கோப்பும் இன்று தரவிறக்கும் கோப்பும் இந்த ஒரு நிரையில் ஒத்துப்போகமாட்டா. 2000 ஜனவரியில் செஞ்சூரியனில் தென்னாபிரிக்காவும் இங்கிலாந்தும் தலா ஓர் இன்னிங்ஸைக் கைவிட்ட டெஸ்ட்டும் இவ்வகையில் தொல்லை தருவதே. கைவிடப்பட்ட இன்னிங்ஸைப் பூச்சியம் ஓட்டங்கள் கொண்ட இன்னிங்ஸாகப் பதிந்தால் மிகக் குறைந்த ஓட்டங்களின் பட்டியலில் அது முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆட்டமிழந்த விதத்துக்கான நிரலில் எத்தனை வகைகள் வரலாம் என்பதை அதுவரை நடந்த போட்டிகளைப் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்தானது. 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் பங்களாதேஷுக்கு எதிராக அஞ்சலோ மெத்தியூஸ் நேரம் கடந்ததால் ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். சர்வதேச கிரிக்கெட்டில் அதற்கு முன் அப்படி ஒருவரும் ஆட்டமிழந்ததில்லை. விதிநூலில் உள்ள எல்லா வகைகளையும் முதல் நாளே பட்டியலில் சேர்த்திருந்தால் அன்று இரவு நிரலி தடைபட்டு நின்றிருக்காது.

போட்டி எத்தனை நாள் நீடித்தது என்பதையும் தொடக்கத் திகதியை முடிவுத் திகதியிலிருந்து கழித்துப் பெற முடியாது. 1939 மார்ச் 3 முதல் 14 வரை டேர்பனில் நடந்த கால எல்லையற்ற டெஸ்ட்டில், 696 ஓட்டங்களைத் துரத்திய இங்கிலாந்து 5 விக்கெட்டுகளுக்கு 654 என்ற நிலையில் இருந்தபோது, ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் போட்டி கைவிடப்பட்டது. அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஓய்வு நாட்களும் அடங்கும். ஓய்வு நாள் பழைய காலத்தோடு ஒழிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2024 செப்டெம்பரில் காலியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில், ஜனாதிபதித் தேர்தலுக்காக 21ஆம் திகதி ஓய்வு நாளாக விடப்பட்டது.

இனி வரைபுகளுக்கு வருவோம். ஆண்டுகளைக் கிடை அச்சில் வைத்து ஓர் அணியின் வெற்றி விகிதத்தைக் கோட்டு வரைபாக வரையும்போது, தரவு இல்லாத ஆண்டுகளைத் தாண்டிக் கோட்டை இழுத்து இணைத்துவிடுவது பல மென்பொருள்களின் இயல்பு. தென்னாபிரிக்கா 1970 மார்ச்சுக்குப் பிறகு நிறவெறிக் கொள்கை காரணமாக ஒதுக்கப்பட்டு, 1992 ஏப்ரலில்தான் மீண்டும் டெஸ்ட் ஆடியது. இடைப்பட்ட 22 ஆண்டுகளுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு போனால் அந்த அணி அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது என்றே பார்ப்பவர் நினைப்பார். கோடு அறுந்து நிற்க வேண்டும். அறுந்த இடத்தில் காரணம் எழுதப்பட வேண்டும். 1914இலிருந்து 1920 வரையும், 1939 ஓகஸ்டிலிருந்து 1946 மார்ச் வரையும் டெஸ்ட் போட்டியே நடக்கவில்லை. இரண்டாவது இடைவெளியைத் திருகோணமலை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது அந்த வெற்றிடத்துக்குள்தான் அடங்குகிறது.

இலங்கையின் கோட்டிலும் அறுந்த இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தனது முதல் டெஸ்ட்டை ஆடிய இலங்கை, 1985இல் அதே மைதானத்தில் இந்தியாவை வென்று முதல் வெற்றியைப் பெற்றது. 1987 ஏப்ரலில் கொழும்பில் நடந்த குண்டுவெடிப்பையடுத்து நியூசிலாந்து அணி ஒரே டெஸ்ட்டுடன் திரும்பிப் போனது. அதன் பின் 1992 ஓகஸ்ட் வரை இந்த நாட்டில் டெஸ்ட் நடக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் இலங்கை ஆடியதெல்லாம் வெளிநாட்டு மண்ணில். இதைக் கவனிக்காமல் எண்பதுகளின் பிற்பகுதியில் அணி பலவீனமடைந்தது என்று வரைபைப் படித்துக்காட்டினால் அது வீரர்களுக்குச் செய்யும் அநீதி. 1996 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்ததால் இலங்கைக்குக் கிடைத்த புள்ளிகளும் ஒருநாள் போட்டிகளின் பட்டியலில் போட்டிகளாக இடம்பெறுவதில்லை. தொடரின் புள்ளிப் பட்டியலில் மட்டும் இருக்கின்றன.

சொந்த மண் என்ற நிரலும் இதனோடு சேர்ந்தது. 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூரில் இலங்கை அணி சென்ற பேருந்து தாக்கப்பட்ட பின்னர், பாகிஸ்தான் தனது சொந்தத் தொடர்களைப் பெரும்பாலும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடத்தியது. 2019 டிசம்பரில் ராவல்பிண்டிக்கு டெஸ்ட் திரும்பியபோதும் எதிரணி இலங்கையே. மைதானம் இருக்கும் நாட்டை வைத்துச் சொந்த மண்ணைத் தீர்மானித்தால் பத்து ஆண்டுகளாகப் பாகிஸ்தானுக்குச் சொந்த மண்ணில் டெஸ்ட் போட்டிகளே இல்லாமற் போகும். தொடரை நடத்தியவர் யார், போட்டி நடந்த நாடு எது என இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்.

மைதானங்களை இலங்கை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், கொழும்பு, மொரட்டுவை, காலி, அம்பாந்தோட்டை, கண்டி, பல்லேகலை, தம்புள்ளை என்று தெற்கிலும் மேற்கிலும் நடுவிலும் புள்ளிகள் விழுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றும் இல்லை. திருகோணமலைக்கு மிக அருகில் உள்ள புள்ளி தம்புள்ளை. மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் வளரும் பிள்ளைகள் சர்வதேசப் போட்டி ஒன்றை நேரில் காண மாவட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச மைதானம் ஒன்றுக்கு 2025இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் இந்த வெற்றிடம் தெரிய வேண்டும் என்பதற்காகவே, புள்ளிகள் உள்ள பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு முழுத் தீவையும் காட்டுமாறு மாணவர்களுக்குச் சொல்வேன்.

சாதனைகள் எப்படி உயர்ந்தன என்பதைக் காட்டப் படிக்கட்டு வடிவக் கோடே ஏற்றது, ஏனென்றால் சாதனை ஒவ்வொன்றும் அடுத்தது வரும்வரை அதே மட்டத்தில் நிற்கிறது. ஆண்களின் ஒருநாள் போட்டிகளில் ஓர் அணியின் அதிகூடிய ஓட்டங்களை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் 398, 1996 மார்ச்சிலிருந்து பத்து ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2006 மார்ச் 12இல் ஜொகன்னஸ்பேர்க்கில் அவுஸ்திரேலியாவின் 434ஐ ஒரே நாளில் தென்னாபிரிக்காவின் 438 தாண்டியது. நான்கு மாதங்களுக்குள் நெதர்லாந்துக்கு எதிராக இலங்கை 443 எடுத்தது. அது மீண்டும் பத்து ஆண்டுகள் நின்றபின், இங்கிலாந்து 2016இல் 444, 2018இல் 481, 2022இல் 498 என்று ஏறியது. இந்தப் படிகளுக்குக் குறுக்கே விதிமாற்றங்களை மெல்லிய நிலைக்குத்துக் கோடுகளாக இட்டால் வரைபு பேசத் தொடங்கும்: 2005இல் வந்த, களத்தடுப்பாளர்களை நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் பவர்பிளே, 2011இல் இரு முனைகளிலும் தனித்தனிப் புதுப்பந்து. விதிதான் காரணம் என்று கோடு நிரூபித்துவிடாது. துடுப்பின் கனம், மைதானத்தின் அளவு, இருபது ஓவர் ஆட்டம் கற்றுக்கொடுத்த துணிவு ஆகியவையும் சேர்ந்திருக்கும். ஆனாலும் எங்கே தேடத் தொடங்கலாம் என்பதை அது காட்டுகிறது.

ஆண்கள், பெண்கள் என்ற வடிகட்டியை எங்கே வைப்பது என்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் யாருடையது என்று கேட்டால், 2010இல் குவாலியரில் ஆட்டமிழக்காமல் 200 எடுத்த சச்சின் டெண்டுல்கரின் பெயரே பலர் நாவில் வரும். அவுஸ்திரேலியாவின் பெலின்டா கிளார்க் 1997 டிசம்பரில் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். பெண்களின் முதல் உலகக் கிண்ணமும் ஆண்களுடையதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1973இல் நடந்தது. சர்வதேச இருபது ஓவர் போட்டியையும் 2004இல் முதலில் ஆடியவர்கள் பெண்களே. பெண்களின் தரவைத் தனிப் பக்கமொன்றில் ஒதுக்கி வைத்தால் ‘முதல்’ என்று தலைப்பிட்ட வரைபுகளில் பாதி தவறாகிவிடும். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 302 என்ற இலக்கைத் துரத்தி ஆட்டமிழக்காமல் 195 எடுத்த சமரி அத்தபத்துவின் இன்னிங்ஸை இலங்கைப் பக்கத்தைத் திறக்கும் எவரும் தேடாமலே காண வேண்டும்.

இருபது ஓவர் போட்டிகளில் வேறொரு சிக்கல். 2019 ஜனவரி 1 முதல் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் உறுப்பு நாடுகள் எல்லாவற்றின் ஆண்கள் போட்டிகளுக்கும் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. பெண்களுக்கு அதற்கு ஆறு மாதங்கள் முன்பே. 2007இல் கென்யாவுக்கு எதிராக இலங்கை எடுத்த 260 நீண்ட காலம் பேசப்பட்ட எண். 2023இல் நேபாளம் மொங்கோலியாவுக்கு எதிராக 314 எடுத்தது, அதே ஆண்டில் ஐல் ஒஃப் மான் அணி ஸ்பெயினிடம் 10 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சிறிய நாடுகளை வெட்டிவிட்டு அட்டவணையை ‘அழகாக்க’ நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. டெஸ்ட் ஆடும் முழு உறுப்பு நாடுகள் இரண்டு மோதிய போட்டிகளை அடர்ந்த நிறத்திலும் மற்றவற்றை மெல்லிய நிறத்திலும் காட்டினால் எவரும் விலக்கப்படாமலே ஒப்பீடு தெளிவாகும். அணிகளின் சீருடை நிறங்களை வரைபில் பயன்படுத்தும் ஆசையையும் விட்டுவிட வேண்டும்: இந்தியாவும் இலங்கையும் இங்கிலாந்தும் நீலம், பாகிஸ்தானும் பங்களாதேஷும் தென்னாபிரிக்காவும் அயர்லாந்தும் பச்சை. தெரிவுசெய்த அணிக்கு ஒரே ஒரு நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல் என்பதே போதும்.

தமிழில் கட்டுவதற்கென்று தனியாகச் சில வேலைகள் உள்ளன. வீரர்களைப் பெயரால் இணைக்காமல் அடையாள எண்ணால் இணைப்பது எந்த மொழியிலும் விதிதான் என்றாலும் நமக்கு அது இன்னும் அவசியம். வனிந்து ஹசரங்கவின் முழுப் பெயர் டி சில்வா என்று முடிவதால் முதலெழுத்துகளால் அமைந்த பட்டியல்களில் அவர் பி.டபிள்யூ.எச். டி சில்வாவாக நிற்பார். அரவிந்த டி சில்வா, தனஞ்ஜய டி சில்வா ஆகியோரோடு கலந்துவிட அதிக நேரம் ஆகாது. தமிழ் எழுத்துருவிலும் கவனம் வேண்டும். ‘கொழும்பு’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோட்டில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிய, வடிகட்டியில் மட்டும் கொழும்பு இரண்டு முறை தோன்றும். பைத்தனின் யூனிகோட்டேட்டா நூலகத்தால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ‘சௌரவ்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டியிருந்தால் அந்த நூலகமும் கைகொடுக்காது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கோப்புகள் இங்கே நிறையவே உண்டு. அவை தரவுத்தளத்துக்குள் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும் என்பதால், முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அகரவரிசையும் தானாக அமையாது, ஏனென்றால் ஒருங்குறியின் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வருகின்றன. தமிழுக்குரிய வரிசைமுறையை நிரலியிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பைத்தனின் வரைபு நூலகமான மெட்பிளொட்லிப்பில் வரைந்த படங்களில் கொம்புகள் இடம் மாறித் தமிழ் சிதைவதைப் பலர் கண்டிருப்பார்கள். அந்த நூலகத்தின் பல பதிப்புகள் எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து உருவமைக்கும் வேலையைச் செய்வதில்லை. உலாவிகள் அதைச் சரியாகச் செய்வதால், வரைபுகளை டி3 போன்ற நூலகத்தால் உலாவியிலேயே வரைவது நல்லது. ‘மேற்கிந்தியத் தீவுகள்’ என்பது நிலைக்குத்துச் சலாகையின் அடியில் அடங்காது. சலாகைகளைக் கிடையாகப் படுக்க வைத்தால் பெயரைச் சாய்க்காமலும் சுருக்காமலும் முழுதாக எழுதலாம்.

மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து இதைத் திறப்பவர் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான், தாம் பணம் கொடுத்து வாங்கிய டேட்டாவில்தான் திறப்பார். ஆகவே பந்துத் தரவு முழுவதையும் உலாவிக்கு அனுப்பாமல், தேவையான கூட்டுத்தொகைகளை முன்பே கணக்கிட்டுச் சிறிய கோப்புகளாக வைத்துவிட வேண்டும். சர்வதேசப் போட்டி ஏதாவது ஒன்று எங்காவது நடக்காத வாரம் இப்போது அரிது என்பதால், புதிய போட்டிகளைச் சேர்க்கும் நிரலி ஒவ்வோர் இரவும் இயங்கட்டும். தரவு எந்தத் திகதி வரைக்குமானது என்பது பக்கத்தின் மேலேயே தெரியட்டும்.

இதே அட்டவணை அமைப்பு பாடசாலைப் போட்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். மாவட்டத்தின் பாடசாலைகளும் கழகங்களும் ஆடும் போட்டிகளின் ஸ்கோர் புத்தகங்களில் பந்துக்குப் பந்து விபரம் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கிறது. புள்ளி ஒன்று ஓட்டமற்ற பந்து. ஓவர் முழுவதும் ஓட்டம் இல்லையென்றால் புள்ளிகளை இணைத்து ஓர் எழுத்து வடிவம். அந்தப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, பார்த்துத் தட்டி, போட்டி, இன்னிங்ஸ், பந்து, வீரர், மைதானம் என்ற அதே ஐந்து அட்டவணைகளுக்குள் ஏற்றலாம். ஒரு மாற்றம் மட்டும் வேண்டும்: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் பெயர்கள் பொதுப் பக்கத்தில் வரக்கூடாது. வீரர் அட்டவணையில் பெயருக்கான நிரல் தனிக் கோப்பில் பாடசாலையின் பொறுப்பிலேயே இருக்க, டாஷ்போர்ட்டுக்கு அடையாள எண் மட்டும் போக வேண்டும்.